மேக்ரோ நிற்கிற இடம்

"ஏய், இங்க வந்து ஒரு கீ தட்டிட்டுப் போடி."

இதைக் கேட்டு எனக்கு எரிச்சல் வராத நாளே கிடையாது. வில்லியனூரில் தேர் ஓடுகிற வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது நாங்கள் வேலை பார்க்கும் கடை. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, புதுமனை புகுவிழா, கருமாதி என்று ஒரு குடும்பத்துக்கு வரக்கூடிய எல்லாவற்றுக்கும் பத்திரிகை அடித்துத் தருகிறோம். கடையில் இரண்டு கம்ப்யூட்டர். ஒன்றில் நான், இன்னொன்றில் அக்கா. கூடப் பிறந்த அக்கா இல்லை. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள், எனக்கு முன்பே கடையில் சேர்ந்தவள், பாகூர் பக்கத்திலிருந்து தினமும் வண்டியில் வருகிறவள். தாமதமாக வந்தால் "கரும்பு லாரிக்குப் பின்னாடி மாட்டிக்கினேன்" என்பாள். கரும்பு வெட்டாத மாதத்திலும் அதையேதான் சொல்வாள்.

நான் ஏதாவது தலைபோகிற வேலையில் இருக்கும்போதுதான் சரியாகக் கூப்பிடுவாள். எழுந்து போய்ப் பார்த்தால் அவள் திரையில் ஒரு சின்னப் பெட்டி, 'உ தட்டவும்' என்று கேட்டுக்கொண்டு நிற்கும். கீபோர்டு அவள் மடிக்கு நேராக இருக்கும். கை இரண்டையும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் குனிந்து உ தட்டுவேன். பெட்டி மறைந்து, பத்திரிகையின் தலையில் பிள்ளையார் சுழி விழும். மிச்சமெல்லாம் தானாகக் கடகடவென்று ஓடி முடிந்துவிடும்.

"உன் கைக்கு இன்னா கேடு?" என்று கேட்டிருக்கிறேன்.

"உன் கை ராசியான கைடி."

ராசியான கையாம்! அந்தக் கையால் வைக்கிற குழம்பை என் வீட்டுக்காரர் ஒருநாளும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. நான் லீவு போட்ட நாட்களில் கடை முதலாளி அண்ணன் வந்து தட்டிவிட்டுப் போவார். அவர் கேள்வி கேட்கிற ஜாதி இல்லை. எனக்குத்தான் எதையும் குடையாமல் இருக்க முடியாது.

தானாக ஓடியது என்று சொன்னேனே, அதற்குப் பெயர்தான் மேக்ரோ. ஒரே வேலையை ஆயிரம் தடவை செய்ய வேண்டியிருந்தால், ஒரு தடவை கம்ப்யூட்டருக்குச் செய்து காட்டிவிட்டால் போதும். அது மனப்பாடம் பண்ணிக்கொள்ளும். அப்புறம் ஒரு கீயை அழுத்தினால், நாம் செய்ததை அச்சு அசலாகத் திரும்பச் செய்யும். இப்படி இருந்தால் அப்படிச் செய் என்று நாமே வரி எழுதியும் அதில் சேர்க்கலாம். எங்கள் வேலையில் திரும்பத் திரும்பச் செய்வது தவிர வேறு என்ன இருக்கிறது? வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில் பெயர்களை அனுப்புவார்கள். அந்த எழுத்து எங்கள் டிசைன் சாப்ட்வேரில் பூச்சி பூச்சியாகத் தெரியும். அதை மாற்ற வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் திரு, திருமதி போட வேண்டும். செத்தவர்களுக்குத் தெய்வத்திரு. இனிஷியலுக்குப் பின்னால் புள்ளி. சில குடும்பங்களில் பாதிப் பேர் பிரான்சுக்குக் குடிபோனவர்கள், பெயருக்குக் கீழே 'பிரான்ஸ்' என்று வரும், அதற்கென்றே எங்களிடம் ஒரு மேக்ரோ உண்டு. வீராம்பட்டினத்திலிருந்து வருகிறவர்களுக்குத் தனியாக இன்னொன்று. அவர்கள் பங்காளிகள் பெயரைப் போட்டு முடிப்பதற்குள் தாள் பத்தாது, அதனால் அது எழுத்தைத் தானாகவே சின்னதாக்கும்.

நான் முதன்முதலில் ஒரு மேக்ரோ பதிவு செய்தபோது நடந்த கூத்தைச் சொல்ல வேண்டும். பதிவு பண்ணிக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஆள் வந்துவிட்டார்கள். பாட்டுச் சத்தத்தைக் குறைத்துவிட்டு அவர்களிடம் பேசி அனுப்பினேன். வந்து உட்கார்ந்து 'திரு' என்று அடிப்பதற்குப் பதிலாக 'திறு' என்று அடித்துவிட்டு, அழித்து, சரியாக அடித்து முடித்தேன். அதற்கப்புறம் அந்த மேக்ரோவை எப்போது ஓட்டினாலும் கடையில் பாட்டுச் சத்தம் அமுங்கிவிடும். பல நாள் ஸ்பீக்கரைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் திரையை உற்றுப் பார்க்கிறேன், அது 'திறு' என்று அடிக்கிறது, அழிக்கிறது, 'திரு' என்று அடிக்கிறது. சத்தத்தையும் குறைக்கிறது. வெட்கமே இல்லாமல் என் முட்டாள்தனத்தை எனக்கே செய்து காட்டிக்கொண்டிருந்தது!

அன்றிலிருந்து எனக்கு இது ஒரு பைத்தியமாகிவிட்டது. மெஷினுக்கு எதற்காகச் செய்கிறோம் என்று தெரியாது, காட்டியதைச் செய்கிறது. சரி, நாம்? வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டை ஏன் இழுத்துப் பார்க்கிறேன்? மூலக்குளத்தில் அந்த நெரிசலில் வண்டி ஓட்டும்போதுகூட, ஒரு கோயில் சுவர் வந்ததும் கை தானாக நெஞ்சுக்குப் போகிறதே, உள்ளே இருக்கிற சாமி எது என்றுகூட எனக்குத் தெரியாதே! இப்படி யோசித்து யோசித்து ஒருநாள் தண்ணீர் லாரியில் மோதப் பார்த்தேன்.

போன மார்கழியில் அண்ணன் புது கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினார். அக்காவின் பழைய மெஷின் மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. தை பிறந்தால் முகூர்த்தக் கூட்டம் அள்ளும். அதற்குள் ரெண்டு பேருடைய மேக்ரோக்களையும் ஒன்றாகச் சேர்த்து, ஒழுங்காகப் பெயர் வைத்து, புது மெஷினில் அடுக்கச் சொல்லி என் தலையில் கட்டினார்.

"எது எங்க கெடக்குதுன்னு எனக்கே புரியற மாதிரி வையிம்மா" என்றார்.

நியாயம்தான். என்னுடையவற்றின் பெயர்கள் 'புதுசு', 'புதுசு சரி', 'கடைசி', 'கடைசியிலும் கடைசி' என்றிருந்தன. அக்காவுடையது அப்படி இல்லை. 'கல்யாணம் பெண் வீடு', 'கல்யாணம் மாப்பிள்ளை வீடு', 'காதுகுத்து', 'காரியம்' என்று தெளிவாக இருந்தன. ஆனால் உள்ளே என்ன செய்கிறது என்று ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

அதே சமயத்தில் அக்கா வீட்டிலும் ஒரு கல்யாணம். அவள் ஒரே மகளுக்கு மூலக்குளத்தில் மாப்பிள்ளை பார்த்து, தையில் தேதி குறித்திருந்தார்கள். அக்காவின் வீட்டுக்காரர் இப்போது இல்லை. நான் கடையில் சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால், வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போன இடத்தில் நெஞ்சு வலி வந்து போய்விட்டார். கல்யாண வேலைகளை அவருடைய அண்ணன்தான் எடுத்துப் போட்டுச் செய்தார். நல்ல மனிதர். ஆனால் பத்திரிகை என்று வந்தபோது, "நானும் உன் ஓர்ப்படியும் அழைக்கிற மாதிரி போட்டுடலாம்மா, அதான் மொற" என்றிருக்கிறார். மகள் விடவில்லை. "எங்கம்மா பேர் போட்டு அழைக்கலன்னா எனக்குப் பத்திரிகையே வாணாம்" என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

அக்கா நடுவில் மாட்டிக்கொண்டாள். "எனக்கு ஒண்ணும் ஆசை இல்லடி. கல்யாணம் நல்லபடியா முடிஞ்சா போதும்" என்பாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஒனக்கு இன்னா தோணுது?" என்பாள். மறுநாளும் அதையே கேட்பாள். ஆசை இல்லாதவள் எதற்கு இத்தனை தரம் கேட்கிறாள்? அவளுக்கு ஆசை இருந்தது. வளர்த்து, படிக்க வைத்து, கட்டிக் கொடுக்கிறவள் தன் பெயரில் நாலு பேரைக் கூப்பிட ஆசைப்பட்டாள். வாய்விட்டுச் சொல்லப் பயம்.

நான் என் வேலையைத் தொடங்கினேன். மேக்ரோவைச் சோதிக்க வேண்டுமென்றால் பொய்யாக ஒரு பத்திரிகை வேண்டும். பொய் மாப்பிள்ளை, பொய்ப் பெண், பொய்ப் பெற்றோர். கம்ப்யூட்டருக்குள் நான் முடித்து வைத்த கல்யாணங்களை ஊரில் எந்தத் தரகரும் முடித்திருக்க மாட்டார். சும்மா ஓட்டினால் போதும்தான். ஆனால் என் புத்தி சும்மா இருக்குமா? இப்படி மாற்றினால் என்ன ஆகும், அப்படி மாற்றினால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகக் கிளறினேன்.

'கல்யாணம் பெண் வீடு' மேக்ரோவில், பெண்ணின் அப்பா பெயருக்கு முன்னால் தெய்வத்திரு போட்டு ஓட்டினேன். பத்திரிகையில் மேலே யார் அழைக்கிறார்கள் என்று ஒரு வரி வரும். கீழே யாருடைய மகள் என்று ஒரு வரி வரும். கீழே எல்லாம் சரியாக இருந்தது. மேலே அம்மாவைக் காணோம். அதற்குப் பதிலாக ஒரு பெட்டி வந்து, 'தம்பதி பெயர்?' என்று கேட்டது. ஏதோ தப்பு என்று நினைத்து மறுபடி ஓட்டினேன். மறுபடியும் அம்மா காணாமல் போனாள்.

சரி என்று அப்பாவை உயிர்ப்பித்துவிட்டு அம்மாவைச் சாகடித்தேன். அப்பா அசையவில்லை. கல்லுக்குண்டு மாதிரி அதே இடத்தில், தன் பெயரில், ஊரையே அழைத்துக்கொண்டு நின்றார். பெட்டியும் வரவில்லை, ஒரு கேள்வியும் வரவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் அக்கா வீட்டுப் பிரச்சினை ஞாபகம் வந்து, சிரிப்பு அப்படியே நின்றுபோனது. ஊர் முறை, ஊர் முறை என்கிறார்களே, அது இவ்வளவு அப்பட்டமாக நான்கு வரியில் எழுதி என் கண்ணெதிரே இருந்தது. அதை எழுதியவள் எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்து அந்த 'உ தட்டவும்' பெட்டி. அதைக் கோளாறு என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அடுக்குவதற்காக ஒவ்வொன்றாகத் திறந்தபோது பார்த்தால், கல்யாணத்தில் நிற்கிறது, காதுகுத்தில் நிற்கிறது, மஞ்சள் நீராட்டில், புதுமனையில் நிற்கிறது. 'காரியம்' மட்டும் நிற்காமல் ஓடுகிறது. கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் நிற்காமல் ஓடுகிறது. அப்போதுதான் உறைத்தது. கருமாதிப் பத்திரிகை அடிக்கும்போது அக்கா என்னை ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை.

மத்தியானம் டீ வந்தது. அண்ணன் பேப்பர் எடுக்கப் போயிருந்தார். "அக்கா, ஒண்ணு கேப்பேன், கோச்சிக்கக் கூடாது" என்றேன்.

"கேட்டுத் தொல."

"அந்த உ எதுக்கு நிக்குது?"

டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அவரு போயி கொஞ்ச நாளுதான் ஆயிருந்துது. ஒருத்தங்க பொண்ணு கல்யாணத்துக்கு அடிக்க வந்தாங்க. நல்ல மனுசிதான்டி, தப்பு சொல்லக் கூடாது. நான் ஆரம்பிக்கும்போது கழுத்தப் பாத்துட்டாங்க. 'தப்பா நெனச்சிக்காதம்மா, பிள்ளையார் சுழிய மட்டும் வேற யாராவது போடட்டுமே'ன்னாங்க. அண்ணனக் கூப்புட்டுப் போட வெச்சேன்."

"அது ஒருத்தங்க கேட்டது. எல்லாத்துலயும் எதுக்கு நிக்க வெச்ச?"

"இன்னொருத்தங்க வந்து கேக்கற வரைக்கும் காத்துக்கினு இருக்கணுமா? அதான் நானே மெஷின நிக்க வெச்சிட்டேன். நீ வந்து தட்டுவ. யாருக்கும் மனசு கஷ்டம் இல்ல."

யாருக்கும் இல்லையாம். ராசியான கை, ராசியான கை என்று சொல்லி என்னை எழுப்பிய ஒவ்வொரு தடவையும் நான் முகத்தைச் சுளித்துக்கொண்டுதானே எழுந்தேன்!

"அப்பா பேரு தெய்வத்திருன்னா அம்மா பேரு பூடுதே, அத்த எப்ப எழுதுன?"

"அதுவா? அது அவரு இருக்கும்போதே எழுதுனது" என்றாள். "வர்ற பத்திரிகை எல்லாம் அப்பிடித்தான் வந்துது. ஒவ்வொரு வாட்டியும் அம்மா பேர எடு, பெரியப்பா பேரப் போடு, அம்மா பேர எடு, மாமன் பேரப் போடுன்னு கை வலிச்சுது. மேக்ரோ போட்டேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "எனக்கே எழுதி வெச்சிக்கிறேன்னு அப்போ எனக்கு எங்கடி தெரியும்?"

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. சுழியை வேறு யாராவது போடட்டும் என்ற அந்த அம்மா மேலா? அவள் தன் மகளுக்கு எதுவும் ஆகிவிடக் கூடாது என்று பயந்தவள். அக்கா மேலா? அவள் பார்த்ததைப் பதிவு செய்தவள். என் மேக்ரோ 'திறு' என்று அடித்து அழித்த மாதிரி, யாரோ எப்போதோ ஒரு தடவை செய்ததை எல்லோரும் திரும்பச் செய்துகொண்டே வந்திருக்கிறோம். அதைப் பதிவு செய்தவரைத் தேடிப் பிடித்து நாலு கேள்வி கேட்க முடிந்தால் நன்றாக இருக்கும்.

புது மெஷினில் நான் ஒன்றே ஒன்றைத்தான் மாற்றினேன். அம்மா பெயர் காணாமல் போகிற அந்த நான்கு வரியை எடுத்தேன். அதற்குப் பதில், அப்பா இருந்தாலும் இல்லாவிட்டாலும், எல்லோருக்கும் பொதுவாக ஒரு பெட்டி வந்து 'அழைப்பவர் யார்?' என்று கேட்கும்படி வைத்தேன். அண்ணனிடம் காட்டினேன்.

"இன்னாத்துக்கும்மா ஒரு வேல ஜாஸ்தி? அதுவே போட்டுக்கினு இருந்துதே."

"தப்பாப் போட்டுதுண்ணே" என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை, அவர்தான் கேட்கிற ஜாதி இல்லையே. 'உ தட்டவும்' பெட்டியை மட்டும் நான் தொடவில்லை. அது அக்கா வைத்தது. எடுப்பதென்றால் அவள்தான் எடுக்க வேண்டும்.

சில நாள் கழித்து ஒரு காலையில் அக்காவின் வீட்டுக்காரருடைய அண்ணன் கடைக்கே வந்துவிட்டார். வேட்டி மடியில் சேறு காயவில்லை, நாற்றங்காலிலிருந்து நேராக பஸ் ஏறியிருக்கிறார். உறவுக்காரர்கள் பெயரெல்லாம் அவர் போனில் தயாராக இருந்தது. "எல்லாம் இருக்குது. அடிச்சிக் காட்டும்மா, பாத்துட்டுப் போயிடறேன்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். முடிவு பண்ணிவிட்டாளா இல்லையா என்று அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

பெயர்களைப் புது மெஷினில் ஏற்றினாள். 'கல்யாணம் பெண் வீடு' ஓட ஆரம்பித்தது. நின்றது.

"ஏய், இங்க வந்து ஒரு கீ தட்டிட்டுப் போடி."

"என்னால இப்ப எழுந்துக்க முடியாதுக்கா" என்றேன்.

என் திரையில் ஒரு வேலையும் இல்லை. வெறும் வெள்ளைத் தாளைத்தான் முறைத்துக்கொண்டிருந்தேன். அக்கா வாசலைப் பார்த்தாள். அண்ணன் வெளியே எங்கேயோ போயிருந்தார்.

"மாமா, நீங்களாவது இந்த உ-வ ஒரு தட்டு தட்டுங்களேன்."

"எனக்கு இன்னாம்மா தெரியும், அதுல எது எங்க கெடக்குதுன்னு? நீயே தட்டு. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாவுது."

அவ்வளவுதான் சொன்னார். அவருக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமும் யாருக்காக இந்த மெஷினை நிறுத்தி வைத்தோம் என்று நினைத்தாளோ என்னவோ. மெதுவாகக் கையை எடுத்து, ஒற்றை விரலால், புதிதாகத் தட்டச்சு பழகுகிறவள் மாதிரி தேடித் தட்டினாள். அவள் மகளின் பத்திரிகையில் பிள்ளையார் சுழி விழுந்தது.

அடுத்து என் பெட்டி வந்தது. 'அழைப்பவர் யார்?'

அக்கா அடிக்க ஆரம்பித்தாள். இப்போது ஒற்றை விரல் இல்லை, பத்து விரலும் ஓடின. பத்திரிகை திரையில் முழுதாக வந்து நின்றது. அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"இன்னாம்மா, உன் பேரு வந்திருக்குது?"

"மெஷின் கேட்டுது மாமா" என்றாள் அக்கா. "யாரு அழைக்கிறதுன்னு கேட்டுது. இது வரைக்கும் என்னை யாரும் கேக்கல. கேட்டுது, சொல்லிட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு படித்தார்.

"அப்ப எங்க பேரு?"

"அடுத்த வரி உங்களுக்கும் உங்க வீட்டு அக்காவுக்கும்தான். நீங்க இல்லாம நான் யார அழைக்கப் போறேன்?"

திரையின் கீழ்ப்பக்கம், யாருடைய மகள் என்று வருகிற வரியில், தெய்வத்திருவுக்குப் பக்கத்தில் இருந்த பெயரின் மேல் விரலை வைத்தார். சேறு படிந்த விரல், புது மெஷின் திரையில் ஒரு கறை விழுந்தது.

"என் தம்பி பேரு ரொம்பச் சின்னதா இருக்குதும்மா. கொஞ்சம் பெருசாப் போடு" என்றார். பெரிதாக்கிக் காட்டினாள். தலையாட்டிவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க எழுந்து போய்விட்டார்.

அவர் போன பிறகு அக்கா வெகுநேரம் அந்தப் பத்திரிகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கறையத் துடைக்கணும்" என்று மட்டும் சொன்னாள், துடைக்கவில்லை.

சாயங்காலம் கரிக்கலாம்பாக்கத்திலிருந்து ஒரு குடும்பம் காதுகுத்துக்கு வந்தது. குழந்தை, அம்மா, மாமன் எல்லோரும் அக்காவைச் சுற்றி நின்று பெயர் சொன்னார்கள். மேக்ரோ ஓடி, தன் வழக்கமான இடத்தில் நின்றது. பெட்டி வந்ததைப் பார்த்ததும், பழக்கதோஷம், நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தே விட்டேன்.

அக்கா என்னைக் கூப்பிடவில்லை.